அடுத்த வீட்டுக் குருவிகள்

அன்பு மகளுக்கு,

நானும் உன் அப்பாவும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வாண்டுவும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உடம்புக்குத்தான் குறையில்லை, மனசு கிடந்து எரிகிறது. போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்று சிரிப்பார் என்பதால் தையல் மெஷின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன். தைக்க வேண்டிய பள்ளிக்கூடச் சட்டைகள் பக்கத்தில் மலையாகக் கிடக்கின்றன, கிடக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. இந்த லீவுக்கு வருவது சந்தேகம்தான், அதான் வாராவாரம் போன்ல பாத்துக்கறோமேம்மா என்றாய். பின்னாலிருந்து வாண்டு, பறவைப் பாட்டி வீட்டைக் காட்டு என்று கத்தினாள். நான் பெற்ற மகளின் மகளுக்கு நான் வெறும் பாட்டி, ஊரார் பல்லைப் பிடுங்குகிற பக்கத்து வீட்டு டாக்டரம்மா பறவைப் பாட்டி. இதற்கெல்லாம் காரணம் உன் அப்பாதான். காலையில் டீயைக் கையில் எடுத்தால் நேரே அந்த வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறார், ஞாயிற்றுக்கிழமையானால் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கே இருக்கிற கொண்டைக்குருவியையும் மைனாவையும் உங்களுக்குக் காட்டுகிறார். அதெல்லாம் ஒரு தோட்டமா? தேன்பழ மரம் இஷ்டத்துக்குக் கிளை விட்டிருக்கிறது, முசுக்கொட்டை தரையெல்லாம் பழத்தைக் கொட்டிக் கறையாக்கி வைத்திருக்கிறது, தலை வாராத பிள்ளை மாதிரி நிற்கிறது மொத்தமும். அதில்தான் ஊர்க் குருவியெல்லாம் வந்து கும்மாளம் போடுகிறது. பொறாமையா என்று கேட்டால் ஆமாம், பொறாமைதான், யாருக்குப் பயந்து மறைக்க வேண்டும்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா. முதலில் நர்சரிக்குப் போனபோது கலர் பார்த்தே வாங்கினேன், துணி எடுக்கிற புத்தி வேறெங்கே போகும். அடுக்குச் செம்பருத்தியும் குரோட்டன்ஸும் வீட்டு முன்னால் பளபளவென்று நின்றன, ஒரு குருவி எட்டிப் பார்க்கவில்லை. மறுபடி போனபோது நர்சரிக்காரர் சிரித்துவிட்டு, இலையும் பூவும் உங்க கண்ணுக்கும்மா, குருவிக்கு வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல என்றார். வேலிக்குக் களாச்செடி வையுங்க, முள்ளு இருக்கு, பூனை கிட்ட வராது, தைரியமா கூடு கட்டும், ஒண்ணு பழுத்து முடியறப்ப இன்னொண்ணு பழுக்கற மாதிரி ஓரமா ஒரு அத்தியும் வெச்சுக்கங்க என்றார். அப்படியே வாங்கி வைத்தேன். அத்தி இன்னும் குட்டியாகத்தான் நிற்கிறது. களா ஜோராக வளர்ந்தது, ஆனால் பூவும் இல்லை பழமும் இல்லை. நான் கவனிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. வாராவாரம் கயிறு கட்டி, டேப் வைத்து அளந்து, துணி வெட்டுகிற பழைய கத்தரியால் நுனியையெல்லாம் ஒட்ட நறுக்கிவிடுவேன். இஸ்திரி போட்ட காலர் மாதிரி நிற்கும் வேலி, தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

ஒரு நாள் டாக்டரம்மா சுவருக்கு மேல் எட்டி, அக்கா, களா நுனியிலதான் பூக்கும், நீங்க வாராவாரம் அதையே வெட்டிட்டா பாவம் அது எங்க போய்க் காய்க்கும் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உன் பல்லைப் பார்த்துக்கொண்டு போ என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் சொல்லி நான் நிறுத்தினேன் என்று ஆகிவிடக் கூடாதே என்று இன்னும் கொஞ்ச நாள் வீம்புக்கு வெட்டினேன். அப்புறம்தான் கத்தரியைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, சாணை பிடிக்கப் போயிருக்கிறது என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் வாயில் ஏதாவது தங்குமா, நேரே அங்கே போய்ச் சொல்லிவிட்டார். அவளும் பார்க்கும்போதெல்லாம், இன்னும் கத்தரி வரலையா அக்கா என்று கேட்பாள், நானும் இல்லாத சாணைக்காரனைத் திட்டித் தீர்ப்பேன்.

வேலி கோணல்மாணலாக வளர்ந்தது, பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரித்தது. நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது, காய் பிடித்தது, இந்த வாரம் கறுகறுவென்று பழுத்துவிட்டது. புதன்கிழமை பட்டன் வைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு சலசலப்பு, பார்த்தால் ஒரு ஜோடி கொண்டைக்குருவி. சந்தோஷத்தில் ஊசியை விரலில் குத்திக்கொண்டேன். டாக்டரம்மாவும் எட்டிப் பார்த்து, பாத்தீங்களா அக்கா வந்துடுச்சு என்று கைதட்டினாள். அவள் சந்தோஷப்பட்டது எனக்குப் பிடிக்கவில்லை, கொஞ்சமாவது வயிறு எரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன் அப்பா வழக்கம்போலப் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பிடுங்கி மெஷின் டிராயரில் போட்டு மூடினேன். உனக்கென்ன பைத்தியமா, வாண்டுக்குக் காட்டத்தானே இத்தனை பாடுபட்ட என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக் குருவியைப் போனில் பார்த்துப் பார்த்தே உங்களுக்கு நேரில் வர ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது, என் குருவியையும் காட்டிவிட்டால் அடுத்த லீவுக்கும் இதையேதான் சொல்வாய். டாக்டரம்மா மேல் இருந்த பொறாமை அப்படியே அந்தப் போன் மேல் திரும்பிவிட்டது. வாராவாரம் உன்னை என்னிடம் கொண்டு வருகிறதே என்று அதைத் துடைத்துத் துடைத்து வைத்தேன், உன்னை வரவிடாமல் பண்ணுவதும் அதுதான் என்று இப்போதுதான் உறைக்கிறது.

உன் பால்கனித் தொட்டியில் ஏதாவது வைத்தால் பழம் பிடிக்கிறதாகப் பார்த்து வை, மருந்து அடிக்காதே. வாண்டுவை ஈரத் தலையோடு வெளியே விடாதே. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் சாப்பிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் மனம் நிறைந்து வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். மறக்காமல் டிக்கெட் பார், செடி முழுக்க இன்னும் காய் இருக்கிறது, லீவு வரைக்கும் தாங்கும். வாண்டு கேட்டால், நம் பாட்டி வீட்டுக் குருவி போனில் வராது என்று சொல்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா