சீட்டு போன இடம்

14.8.1999, சனி

நான் நெய்த முகூர்த்தப் புடவையை வேலூர் கடையில் கொடுத்துவிட்டு ஆரணி திரும்பினால், பஸ் ஸ்டாண்டில் ஸ்கூட்டர் நிறுத்திய சீட்டைக் காணோம்.

"சீட்டு இல்லாம வண்டிய எடுத்துகினு போவ முடியாதுங்க. அபராதம் கட்டுங்க. உங்க வண்டின்னு எப்படி நம்புறது?" என்றார் ஸ்டாண்டுக்காரர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. காலையில் காற்றில் பறக்கப் பார்த்த மறுபாதிச் சீட்டை ஹேண்டில்பாரில் பட்டு நூலால் கட்டியவனே நான்தான்.

"இந்த முடிச்ச அறுக்காம அவுத்துக் காட்டுங்க பார்ப்போம்."

நகத்தால் நோண்டிப் பார்த்து அலுத்துப்போனார். தறியில் தினமும் முடிகிற கை; ஒரே இழுப்பில் அவிழ்த்தேன். சிரித்துவிட்டு வண்டியைக் கொடுத்தார்.

இப்போது சட்டைப்பையைத் துழாவினால், புடவை மடிப்பில் வைக்கவேண்டிய நம்பர் சீட்டு இருக்கிறது. அப்படியானால் மடிப்பில் வைத்தது ஸ்டாண்டு சீட்டு.

முகூர்த்தப் புடவையை விரிக்கிற கல்யாணப் பெண் முதலில் படிக்கப்போவது: 'சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.'