கைதட்டலுக்கு முன்னால்

வெள்ளிக்கிழமை, ராத்திரி.

கல்யாணமான புதிதில் மச்சான் துபாயில் இருந்தார். எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டுக்கு வருகிறவர்களிடம், பேசிப் பதிந்த கேசட்டைக் கொடுத்தனுப்புவார். ஒருதடவை புதுக் கேசட் கிடைக்காமல், தனக்குப் பிடித்த இங்கிலீஷ் நியூ வேவ் பாட்டுக் கச்சேரி இருந்த கேசட்டின் மேலேயே பேசிப் பதிந்துவிட்டார். கடைசியில் "சாப்ட்டியா புள்ள?" என்பார். உடனே, அழியாமல் மிஞ்சிய கச்சேரியில் வெள்ளைக்காரர்கள் கைதட்டுவார்கள். நானும் டேப்பைப் பார்த்து "சாப்ட்டேன் மச்சான்" என்பேன். சாப்பிட்டிருக்கவே மாட்டேன்.

இன்று சாயங்காலம் மகள் அந்தக் கச்சேரியைப் போனில் முழுசாகப் போட்டாள். அவர் குரல் இருந்த இடத்தில் ஏதோ கிடார். எனக்கு எரிச்சலாக வந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து மச்சானுக்குப் பேச்சே குறைவு. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், பாட்டு முடியும் நேரத்தில் குழறலாகச் சொன்னார்: "சாப்ட்டியா புள்ள?"

கைதட்டினார்கள்.

"இல்ல மச்சான். வாங்க, சேந்து சாப்பிடலாம்" என்றேன்.