செதுக்கிக் கிடக்கும் தரை

அன்பு மதினிக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு வரும் முதல் சீசன் இது. பட்டாசுக் கம்பெனியை இப்போது உங்கள் மகள் கயல்தான் நடத்துகிறாள். திருத்தங்கல் அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலையை விட்டுவிட்டு நானும் அவளுக்குத் துணையாக வந்துவிட்டேன்.

விஷு ஆர்டருக்கு வந்த கேரள வியாபாரி, நம் ஷெட்டுகளைச் சுற்றிப் பார்த்து, "புல்லு செத்தியோ?" என்று மலையாளத்தில் கேட்டாரே, நினைவிருக்கிறதா? எது செத்தது என்று தெரியாமல் வேலையாட்கள் முழித்தார்கள். நீங்கள்தான் சிரித்துக்கொண்டே, "சாகல அண்ணாச்சி, செதுக்கிக் கிடக்கு" என்றீர்கள்.

அன்று சாயங்காலம் அகராதியைப் பார்த்து உங்களுக்குச் சொன்னேன். செத்துதல் நம் தமிழிலும் உண்டு. மேலாகச் சீவி எடுப்பது என்று பொருள். செதுக்குதல் அதற்கு நெருங்கிய உறவு. கல்லில் சிலை எடுத்தாலும் தரையில் புல் எடுத்தாலும் அதே சொல்தான்.

"அப்ப ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைகன்னு சொல்லுங்க, கொழுந்தனாரே!"

போன மாசம் ஷெட்டுகளைச் சுற்றிப் புல் காய்ந்து நின்றது. கயல் புல் அறுக்கும் மெஷின்காரரை வரச் சொல்லியிருந்தாள்.

"சீக்கிரம் அறுத்துட்டுப் போயிருவாக, சித்தப்பா."

"அறுக்கிறது மாட்டுக்குத் தாயி, புல்லு வேணும்னு. காய்ஞ்ச அடித்தண்டு அப்படியே நிக்கும். செதுக்குறது தரை வேணும்னு. நமக்கு எது வேணும்?"

"ஒரு வார்த்தைக்கு இம்புட்டுச் சண்டையா?"

கேட்டாளே தவிர, மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டாள். பெண்கள் மண்வெட்டியைப் படுக்கவைத்து, வேரோடு சீவி, வெறும் மண் தெரிய எடுத்தார்கள்.

அடுத்த வாரம் பக்கத்துக் கருவேலங்காட்டில் தீப்பிடித்தது. காற்று நம் பக்கம் அடித்தது. கயல் பதறவில்லை, மதினி. எல்லாரையும் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்த்தாள். தீ நம் வேலிவரை வந்தது. அதற்கு மேல் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அங்கேயே அடங்கிப்போனது. யாருக்கும் ஒரு காயம் இல்லை.

அதன் பிறகுதான் அவள் என்னிடம் வந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பாக?" என்றாள். என்ன சொல்லியிருப்பீர்கள்?

மறுநாள் ஒருவர் பாக்கியில்லாமல் வேலைக்கு வந்தார்கள். கயல் கேட்டில் நின்று, "வாங்க, சாப்பிட்டீகளா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். பார்த்துக்கொண்டே நின்றேன். இனி அவள் நடத்திவிடுவாள். ஆனாலும், எனக்குத் தெம்பு இருக்கிறவரை அவளைத் தனியாக விட மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

என்றும் உங்கள் கொழுந்தன்,
முருகேசன்