கடலூரில் போட்ட மொட்டை

பிப். 12, 2001, திங்கள்

காலையில் நல்ல பனி. ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றியாயிற்று. பாப்பாவின் டைபாய்டு சரியானால் என் தலைமுடி திருப்பதிக்கு என்று வசந்தாவின் வேண்டுதல். காணிக்கைக் காசு முடிந்த மஞ்சள் துணியை அவளே என் சட்டைப் பையில் வைத்தாள்.

"மறக்காம உண்டியல்ல போட்டுடுங்க."

திருப்பதிக்கு வேலூர் ரோட்டில் போகவேண்டியவன், வண்டியைக் கிழக்கே, கடல் இருக்கும் திசையில், கீழ்பென்னாத்தூர் பக்கம் திருப்பிவிட்டேன். ஆசிரமத்துக்குப் பக்கத்து லாட்ஜில் ஒன்பது வருடமாக ரிசப்ஷன். வெளிநாட்டுக்காரர்களுக்கு மேப்பை விரித்துக் கடற்கரை ரோடு காட்டுவது நான். போனதே இல்லை. ஒரு நாள் பார்த்துவிட்டு அப்படியே திருப்பதி போய்விடலாம் என்று எண்ணம்.

மரக்காணம். உப்பளம், வெள்ளை வெளேர் என்று. அப்புறம் இடது கைப் பக்கம் கடல், கூடவே வருகிறது. சத்தமாகப் பாடினேன். சந்தோஷமாக இருந்தேன். எழுதவே கூச்சம்.

பிப். 13, செவ்வாய்

ராத்தங்கல் புதுச்சேரி. நேரம் கழித்து எழுந்தேன். லீவு நாளையோடு சரி, இனி திருப்பதி நடக்காது. மொட்டையோடு வீட்டுக்குப் போனால் போதாதா? (இதை நானா நினைத்தேன்.)

கடலூர் வந்த பிறகுதான் உறைத்தது: செவ்வாய்க்கிழமை. சலூன் எல்லாம் பூட்டு.

கடற்கரை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன். வசந்தா ஓடிவந்து எடுத்தாள்.

"இன்னும் ஆவலியா?"

"கூட்டம் ஜாஸ்தி. நாளைக்குத்தான்."

"கேக்குது, கேக்குது. இன்னா இரைச்சல்! சாப்டீங்களா?"

இரைச்சல், அலை. சாப்பிட்டது, வறுத்த வஞ்சிரம். வேண்டுதலுக்குக் கிளம்பினவன்.

பிப். 14, புதன்

சலூனில் முதல் ஆள். கடைக்காரர் வயதானவர்.

"வேண்டுதலா சார்? யாருக்கு?"

"பொண்ணுக்கு. காய்ச்சல்."

நாற்காலியைக் கிழக்கே திருப்பிப் போட்டார். கோவிந்தா என்று அவர்தான் சொன்னார், எனக்கு வரவில்லை. "சந்தனம் இல்ல சார். பவுடர் போட்டுடட்டா?" முடி, பீடித்துண்டுகளோடு குப்பைக்கூடையில்.

பண்ருட்டி ஸ்வீட் கடையில் ஆறு லட்டு. சாயந்திரம் வீட்டில் பக்கத்து வீட்டம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். பிடுங்கிவிடலாமா என்றிருந்தது. பாப்பா என் தலையைத் தடவித் தடவிச் சிரிப்பு.

பிப். 15, வியாழன்

வசந்தா துவைக்க எடுத்த சட்டையில் மஞ்சள் துணி. அடியோடு மறந்துபோயிருந்தேன். பை மடிப்பில் மணல் வேறு. வசந்தா கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"எங்க போனீங்க?"

"கடலுக்கு."

"கூட யாரு?"

"யாரும் இல்ல. சும்மா... பாக்கணும்னு."

"சொல்லியிருந்தா நானே போய்ட்டு வாங்கன்னு அனுப்பியிருப்பேனே."

சாயந்திரம் பக்கத்து வீட்டம்மா விசாரித்ததற்கு, "நல்ல தரிசனமாம்க்கா" என்றாள். எனக்காக அவளும் பொய். அவமானம் பிடுங்கித் தின்கிறது.

அடுத்த மாதம் கண்டிப்பாகப் போய்வருகிறேன் என்றேன்.

"குடுக்கறதுக்கு உங்க தலையில இன்னா இருக்குது? நாளைக்கு நான் போறேன். என் முடிய குடுத்துட்டு வரேன்."

பிப். 16, வெள்ளி

ஐந்தரை மணி பஸ். ஏற்றிவிட்டேன். ஜன்னல் சீட். சடையை முன்னால் எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கைக்குள் மஞ்சள் துணி.

பாப்பா எழுந்ததும் கேட்டது: "அம்மாவும் உன்ன மாதிரி மொட்ட போட்டுக்கினு வருவாங்களா?"

ஆமாம் என்றேன். என்னை மாதிரி இல்லை கண்ணு என்று சொல்ல வாய் வரவில்லை.