துணிக்குள் இருந்தது நான்தான்

நியூயார்க், 1889 நவம்பர் 12, செவ்வாய்

அன்பு மகன் மாத்தேய்க்கு அம்மா எழுதுவது. நெப்ராஸ்காவில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க மாதா துணை. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இந்தமுறை கை வரவில்லை.

ராசா, உன் தங்கை லித்காவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தாய் செத்த பிள்ளையாம்! நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன், என்னைச் செத்தவள் என்று பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். போன மாதம் படப்பெட்டியோடு ஒரு மனிதர் வந்தார், நம்மைப் போன்றவர்கள் குடியிருக்கும் அறைகளைப் படம் பிடிக்கிறாராம். எனக்கு அது எங்கே புரிந்தது, பிள்ளை படம் ஒன்று கிடைத்தால் உனக்கு அனுப்பலாமே என்று ஆசைப்பட்டேன். மூன்று வயதுப் பிள்ளை ஆடாமல் இருக்குமா? நம் ஊர் ஸ்டூடியோவில் உன்னை எடுத்தபோது செய்ததுபோலவே, கறுப்புச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அவளை மடியில் பிடித்து, நான் சுருட்டுச் சுற்றும் புகையிலைக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்தேன். படத்தில் பிள்ளைதான் தெரிய வேண்டும், தாய் தெரியக் கூடாது, அதுதானே வழக்கம். அவர் ஏதோ பொடியைக் கொளுத்தினார், சன்னல் இல்லாத அறையில் மின்னல் வெட்டியதுபோல் இருந்தது, லித்கா அலறிவிட்டாள். பாவி, அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

படத்துக்குக் கீழே, தாயில்லாப் பிள்ளை கந்தல் மூட்டைமேல் கிடக்கிறது என்று எழுதியிருந்ததாம். அவர் எழுதினாரா பத்திரிகைக்காரன் எழுதினானா, தெரியாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வியாழக்கிழமை அனாதைப் பிள்ளைகள் சங்கத்துச் சீமாட்டிகள் இரண்டு பேர் வந்தார்கள். நான் சுருட்டுக்கட்டைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தேன். பக்கத்து அறை யோஹானாதான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மாரில் அடித்துக்கொண்டு சொல்கிறாள், "அம்மா எங்கேன்னு கேட்டாங்கடி, போயிட்டான்னு சொன்னேன். சுருட்டு குடுக்கப் போயிட்டான்னு சொல்ல அவங்க பாஷை எனக்கு எங்கடி வருது? உடனே கண்ணத் தொடச்சிக்கிட்டு புள்ளையத் தூக்கிட்டாங்க!"

நாலு நாள் அலைந்து சங்கத்தைக் கண்டுபிடித்தேன். குமாஸ்தா படத்தை நீட்டி, "இதுல நீ எங்கம்மா இருக்கே?" என்றான். "அந்தத் துணிக்குள்ள இருக்கிறது நான்தான்யா" என்றேன், துணைக்கு வந்த யோஹானா புருஷன் அதை அவர்கள் பாஷையில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம், அங்கேயே தரையில் உட்கார்ந்து சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டேன். சிரிப்பு நின்றது. சால்வையை விலக்கியபோது அவன் முகம் வெளுத்திருந்தது. பேரேட்டைப் புரட்டி, லித்காவையும் மற்றப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மேற்கே போகும் ரயில் நேற்றே புறப்பட்டுவிட்டது என்றான். தந்தி கொடு என்றால், தலைவர் வெள்ளிக்கிழமை வந்துதான் கையெழுத்தாம். அதுவரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டுமா?

ஊர் ஊராக நிறுத்தி, கேட்பவர்களுக்குப் பிள்ளைகளைக் கொடுத்துவிடுவார்களாம். உங்கள் ஊருக்கு இருபதாம் தேதி, புதன்கிழமை. நீ முதல் ஆளாகப் போய் நில். சவரம் செய்துகொள், நல்ல சட்டை போட்டுக்கொள், உன்னையும் கந்தல் என்று எழுதிவிடப் போகிறார்கள். அவளுடைய ஞானஸ்நானச் சீட்டை இதில் வைத்திருக்கிறேன். பெயரை மாற்றியிருப்பார்கள், நீ லித்கா என்றே கூப்பிடு. உன்னை அவளுக்கு அடையாளம் தெரியாது, கடிப்பாள், கடிக்கட்டும், கையை மட்டும் விட்டுவிடாதே. மாடு கன்று போட்டதா என்று கேட்க நினைத்திருந்தேன், அதெல்லாம் பிறகு.

கடவுள் உங்கள் இருவரையும் ஒரே கூரையின்கீழ் வைக்கட்டும். புதன்கிழமை, மறந்துவிடாதே. அம்மா எங்கே என்று பிள்ளை கேட்டால், போயிட்டா என்று மட்டும் சொல்லிவிடாதே.

உயிரோடு இருக்கும் உன் அம்மா,
அனெஷ்கா