எம்பொண்ணு தூக்குனா

இன்று காலை நாவலூரில் கம்பெனி பஸ்ஸில் ஏறிய ஒரு பெண்ணிடமிருந்து வலித்தைலத்தின் வாடை வந்தது. கழுத்துப் பிடிப்பாம். சிறுசேரி வரும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். பயிற்சி முடிந்ததும் உன் தோளில் அந்தத் தைலத்தைத் தேய்த்துவிட்டவள் நான்தானே.

செங்கல்பட்டில் அந்தத் தகரக் கொட்டகைக்குள் பளு தூக்க நாம் இருவரும் ஒரே வாரத்தில் நுழைந்தோம், பள்ளிச் சீருடையோடு. நான் மாவட்டப் போட்டியோடு நின்றுவிட்டேன். நீ தேசிய சாம்பியன் ஆனாய். வெளிநாட்டு மேடையில் நெஞ்சில் நாட்டின் பெயரோடு நின்றாய். உன் அம்மா மட்டும் ஒரு போட்டிக்குக்கூட வரவில்லை. "இரும்பத் தூக்கினா வயிறு கெட்டுப்பூடும். நாளைக்கு ஒரு புள்ள பெத்துக்க வாணாமா?" என்பார்.

கல்யாணம் ஆயிற்று, மகளும் பிறந்தாள். "இப்ப இன்னாம்மா சொல்ற?" என்று குழந்தையை அவர் மடியில் போட்டாய். அவர் பேத்தியைக் கொஞ்சத் தொடங்கிவிட்டார்.

நீ முடிந்துபோனாய் என்று எல்லாரும் நினைத்திருந்தபோது மறுபடி கொட்டகைக்கு வந்தாய். அந்தத் தேசியப் போட்டியில் முதல் இரண்டு முயற்சிகளும் தவறிவிட்டன. மூன்றாவதில் தலைக்கு மேல் ஏற்றி நிறுத்தினாய். முகம் கோணியது, தொடை நடுங்கியது, கை மட்டும் மடங்கவில்லை. கூட்டத்தில் என் இடுப்பிலிருந்த உன் மகள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினாள். நான் அழுதேன்.

அதற்கப்புறம்தான் கர்ப்பப்பைப் புற்றுநோய் வந்தது. இரும்பு தூக்கியதால் வந்தது என்று தெரு முழுக்கப் பேச்சு. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாய், அந்தப் பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாய், துணைக்கு நானும் வந்தேன். "நான் வெயிட்டு தூக்கினதாலயா சார் இது வந்துச்சு? எங்க அம்மாவப் பாத்து சொல்லுங்க" என்றாய். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்று அவர் அம்மாவைப் பார்த்தே சொன்னார். அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக நீ என்னிடம் கேட்டது கடற்கரையை. ஓடிப் பழகிய மாமல்லபுரம் மணலைப் பார்க்க வேண்டும் என்றாய். கார் நின்ற இடத்திலிருந்து உன்னால் நடக்க முடியவில்லை. இரண்டு கையாலும் உன்னைத் தூக்கிக்கொண்டேன். கனமே இல்லை உனக்கு.

"முதுக நிமுத்துடி. இன்னா இப்டி கூனிக்கினு போற?" என்று அதட்டினாய்.

அலையருகே இறக்கப் போனேன். "இரு, நடுவரு இன்னும் சொல்லல" என்றாய். மேடையில் நடுவர் சைகை காட்டும் முன் எடையைக் கீழே போட்டால் செல்லாதே. சிரித்துக்கொண்டே நின்றேன். நீ கடலைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாய்: "அம்மா இன்னும் இரும்பாலதான் வந்துச்சுன்னு நெனச்சிகினு இருக்குதாடி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அடுத்த வாரமே உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். துக்கத்துக்கு வந்தவர்களில் ஒரு பெண், "பொம்பளைக்கு இன்னாத்துக்கு இரும்பு? அதான் உசுர வாங்கிச்சி" என்றாள். சுவரோரம் துவண்டு கிடந்த உன் அம்மா எழுந்துவிட்டார்.

"யாருடி அவ? அதால இல்லன்னு டாக்டரு எம் மூஞ்சியப் பாத்து சொன்னாரு. நான்தான் புத்தி கெட்டு இத்தினி வருசம் சொல்லிகினு இருந்தேன். எம்பொண்ணு தூக்குனா. ஊரே பாக்கத் தூக்குனா. அத ஒருத்தியும் தப்பா பேசக் கூடாது!"

நான் உன் முகத்தைத்தான் பார்த்தேன்.

ஒரு நாள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவர் அதையே தனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். உன் காதில் விழ வேண்டியது என் காதில் விழுந்துவிட்டது. அவர் குரல் எங்கே உடைந்தது, எங்கே ஏறியது, எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கிறேன், உனக்காக.