ரிவர்ஸ் டெஸ்ட்

மஸ்கட்,
11.8.1991

அன்புள்ள சசிக்கு,

நலம். டிரைவிங் டெஸ்ட்டில் மூன்றாவது முறையும் ஃபெயில். பதினோரு வருஷம் லாரி ஓட்டியவன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. இங்கே ஒரு வண்டிக்குப் பின்னால் இரண்டு ட்ரைலர். முன்னால் போவதில் தொல்லை இல்லை. மலைப்பாதையில்கூட ஓட்டிக் காட்டினேன். டிரம்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால்தான் கைகால் ஓடவில்லை. முதல் ட்ரைலர் ஒரு பக்கம் போனால் அடுத்தது எதிர்ப்பக்கம் போகிறது. பாதியில் பிரேக்கை மிதித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன். அக்டோபரில் கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் கம்பெனி ஊருக்கு அனுப்பிவிடும். அதுவரை வெயிலில் வண்டி கழுவுகிறேன். அலுத்துவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிடு.

உன்,
திருமலை

மணிமங்கலம்,
2.9.1991

அன்புள்ள மாமாவுக்கு,

சசிரேகா எழுதுவது. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் இந்த வாரமும் ஓ.டி. பஸ்ஸில் நின்றபடியே தூங்கிவிடுகிறேன். ஃபெயிலானால் என்ன, வந்துவிடுங்கள். இங்கே ஓட்ட லாரி இல்லாமலா போய்விட்டது?

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். போய் ஏழு மாதம், ஒன்பது கடிதம். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி உண்டா? கட்டைக்கால் மாட்டிக்கொண்டு ரோடு வரைக்கும் நடக்கிறார். வாலாஜாபாத் மில்லில் அவர் பாட்டுக்கு உங்கள் லாரிக்குப் பின்னால் போய் நின்றதால்தான் கால் போனது, உங்கள்மேல் தப்பில்லை என்று ஊரே சொல்கிறது. பிறகென்ன, விசாரித்து எழுதக்கூடாதா?

அன்புடன்,
சசிரேகா

மஸ்கட்,
20.9.1991

சசி,

இதை எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன்.

அன்றைக்கு மச்சான் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றார். எனக்கு வழி சொல்லத்தான் பின்னால் போனார். "ரைட்ல ஒடி, வா வா" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "நிறுத்து மாப்ள, நிறுத்து!" என்று கத்தினார். என் காதில் விழுந்தது. கேட் மூடுவதற்குள் இன்னொரு லோடு எடுக்கும் அவசரம். இன்னும் இரண்டடிதானே என்று விட்டேன். வண்டிக்கும் மில் சுவருக்கும் நடுவே அவர் கால் மாட்டிக்கொண்டது. சத்தமே கேட்கவில்லை என்று போலீஸ் ஸ்டேஷனில் சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன்.

இங்கே கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் மில் சுவர்தான் தெரிகிறது. ரிவர்ஸ் எடுக்கப் பயமாக இருக்கிறது என்று, கற்றுக்கொடுக்கும் மலையாளி டிரைவரிடம் மட்டும் சொன்னேன். "பயம் இருந்தா இறங்கிப் போய்ப் பாரு. பத்து தடவை இறங்கினாலும் தப்பில்ல" என்றார். டெஸ்ட்டுக்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

திருமலை

மணிமங்கலம்,
8.10.1991

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "திரும்பப் படி" என்றார். படித்தேன். "அவனே எழுதிக்கிறானா? கையெழுத்து அவனுதானா பாரு" என்றார். போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

கத்தினேன் என்று இரண்டு வருஷமாக அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். யார் நம்பினோம்? அப்பா நம்பவில்லை. "சும்மா இருண்ணே, நீ பாட்டுக்குக் குறுக்க நின்னுட்டு அவர் மேல பழி போடாத" என்று நானே அடக்கினேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம். அண்ணன் பெயருக்கு எழுதுங்கள். அவர் படிக்கச் சொன்னால் படிக்கிறேன்.

சசிரேகா

மஸ்கட்,
27.10.1991

பலராமன் மச்சானுக்கு,

திருமலை எழுதுவது. நேற்று டெஸ்ட். நான்கு முறை இறங்கி, பின்னால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு ஏறினேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தாரே தவிர தடுக்கவில்லை. பாஸ்.

நீங்கள் கத்தினீர்கள். எனக்குக் கேட்டது. நான் நிறுத்தவில்லை. மாமனாருக்கு முன்னால் இதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் தனிக் காகிதத்தில் இதையே எழுதி, கையெழுத்துப் போட்டு, இதோடு வைத்திருக்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். கொடுத்தால் கேஸுக்கு ஊருக்குக் கூப்பிடுவார்கள், இந்த லைசென்ஸ் எனக்கு நிலைக்காது. அதற்காக நீங்கள் யோசிக்க வேண்டாம்.

திருமலை